பிள்ளைக்கும் கலியாணம் சொல்லுங்கள்: தோழன், தோழி, பூத்தட்டுக்குச் சின்னவர்களைக் கேட்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சொந்தக்காரர் வவுனியாவில் இருந்து கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, முள்ளியவளை வரை பரந்து கிடக்கிறார்கள். யார் வீட்டில் கலியாணம் என்றாலும் பலகாரச் சூட்டுக்கே நான் போய்விடுவேன். மணவறையைச் சுற்றி நிற்கும் சின்னவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, யாரும் சொல்லாமலே என் கைக்கு வந்துவிடும். அதனால் "தோழனுக்கு ஆரைக் கேக்கலாம்", "எப்பிடிக் கேட்டால் பிள்ளை சந்தோசமா வரும்" என்று இளம் சோடிகள் என்னிடம் விசாரிப்பது வழக்கமாகிவிட்டது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தாய் தகப்பனிடம் சொன்னால் போதாதா? பிள்ளையிடம் தனியாகப் போய்க் கேட்க வேண்டுமா?

கட்டாயம் கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் காட் அடிப்பது ஒன்று, கலியாணம் சொல்வது வேறொன்று. காட் எவ்வளவு வடிவாக இருந்தாலும், வீட்டுக்குப் போய், இருந்து கதைத்து, "கட்டாயம் வரவேணும்" என்று வாயால் சொன்னால்தான் அது அழைப்பு. "எங்களுக்குச் சொல்லேல்லை" என்ற ஒரு மனத்தாங்கலில் வருடக்கணக்காகப் போக்குவரத்து இல்லாமல் இருக்கும் வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. பெரியவர்களுக்கு இவ்வளவு பார்க்கிறோம். இரண்டு மூன்று மணித்தியாலம் ஓமப் புகைக்குள் இருக்கப்போகும் எட்டு வயதுப் பிள்ளைக்கு மட்டும், தாயின் போனுக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு முடித்துவிடுகிறோம்.

இந்தப் பிழையை நானும் விட்டிருக்கிறேன். என் தங்கையின் மகனை ஒரு கலியாணத்துக்குத் தோழனாக வைப்பது என்று பெரியவர்கள் நாங்கள் கூடி முடிவெடுத்தோம். வேட்டி வாங்கினோம், சால்வை வாங்கினோம், தலைப்பாகைக்கு அளவும் எடுத்தோம். அவனிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று காலையில் ஆளைக் காணவில்லை. தேடிப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து அழுகிறான். "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். பெரியவர்கள் சொல்லும் அதே வார்த்தை. அன்றிலிருந்து எந்தச் சோடி வந்து கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: பிள்ளைக்கும் கலியாணம் சொல்லுங்கள்.

வரிசை முக்கியம். முதலில் தாய் தகப்பனிடம், பிள்ளையின் காதில் விழாமல் கேட்க வேண்டும். செலவு, பரீட்சை, பயணம், துடக்கு (தீட்டு) என்று அவர்களுக்கு ஏதாவது தடை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். அவர்கள் சரி என்ற பிறகுதான் பிள்ளையிடம் போக வேண்டும். பிள்ளையைக் கேட்டு ஆசை காட்டிவிட்டு, பிறகு தாய் மறுத்தால் அந்த ஏமாற்றம் சின்ன மனதில் நெடுநாள் கிடக்கும்.

எந்தெந்த வேலைகளுக்குச் சின்னவர்களைக் கேட்கலாம்?

சைவக் கலியாணத்தில் பெரிய இடம் தோழனுக்கு. பொம்பிளையின் தம்பி முறையானவன்தான் தோழன். மாப்பிள்ளையை அழைத்துவரப் போவான், வாசலில் கால் கழுவுவான், அதற்கு மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். பிறகு மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பான். பொரியிடும்போது அக்காவின் கைக்குப் பொரி எடுத்துக் கொடுப்பதும் அவன்தான். தோழி மாப்பிள்ளையின் தங்கை முறை. பொம்பிளையோடு கூடவே நின்று மாலை, கூறைச்சேலை, நகை எல்லாவற்றையும் கவனிப்பாள். விளக்குப் பிடிப்பது, தாலி கட்டும்போது கூந்தலை விலக்கிக் கொடுப்பது போன்றவற்றை யார் செய்வது என்பது வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். உங்கள் ஐயரிடமும் அப்பம்மா, அம்மம்மாவிடமும் கேட்டுக்கொண்டு பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

இவற்றுக்கு வெளியே நிறைய இருக்கிறது. வாசலில் பன்னீர்ச் செம்பு, சந்தனம் குங்குமம், கற்கண்டுத் தட்டம். பொம்பிளை வரும்போது முன்னால் பூத்தட்டு. மணவறைக்கு அட்சதை கொண்டுபோய்க் கொடுப்பது. முதல்நாள் தோரணம் கட்டுவது, கோலம் போடுவது. பன்னீர்ச் செம்பு என்றால் ஆறு வயதுப் பிள்ளைகள் போட்டி போடும். ஆலாத்தி எடுப்பது மட்டும் பிள்ளைகளின் வேலை அல்ல, அதைப் பெரியவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

மன்னார், முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்க வீடுகளில் பிளவர் கேர்ள் வழக்கம் நன்றாக ஊன்றிவிட்டது. கோயில் நடுவழியில் பூத்தூவிக்கொண்டு ஒரு சிறுமி, மோதிரத் தலையணையை ஏந்திக்கொண்டு ஒரு சிறுவன். தலையணையில் பெயருக்கு ஒரு சோடி மோதிரத்தைத் தைத்துவிட்டு, உண்மையான மோதிரங்களை மாப்பிள்ளைத் தோழனின் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. இப்போது சைவ வீடுகளிலும் வரவேற்புக்கு இப்படிப் பிள்ளைகளை முன்னால் நடக்க விடுகிறார்கள். வடிவாகத்தான் இருக்கிறது.

எத்தனை வயதுப் பிள்ளையைக் கேட்கலாம்?

மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம். மூன்று நான்கு வயதென்றால் கூடவே கையைப் பிடித்து நடக்க இன்னொரு பெரிய பிள்ளை வேண்டும். தோழனாக நெடுநேரம் இருக்க எட்டு வயதாவது ஆக வேண்டும் என்பது என் கணக்கு. பத்து என்றால் இன்னும் நல்லது.

சும்மா கேட்காமல் கொஞ்சம் புதுமையாகக் கேட்க ஆசை. என்ன செய்யலாம்?

வெளிநாட்டில் சின்னப் பெட்டிக்குள் சட்டை, சொக்கலேட், "எனக்குத் தோழியாக வருவாயா" என்ற காட் எல்லாம் வைத்துக் கொடுக்கிறார்கள். அதைப் பார்த்து இங்கேயும் பெட்டி வாங்கத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காசுக்கு, எங்கள் கையில் இருப்பதைக் கொண்டே இன்னும் வடிவாகக் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது கச்சான் சரை, தாளில் சுற்றிய வறுத்த நிலக்கடலை. ஏ9 வீதியால் போகிற வாகனம் எல்லாம் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும். கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்காமல் பிள்ளைகள் வாகனத்தில் ஏறமாட்டார்கள். ஒரு மருமகளுக்காக நாங்கள் முன்கூட்டியே ஒரு தாளின் உட்பக்கத்தில் "கச்சான் முடிஞ்சுதோ? அப்ப கேள்: அண்ணாவின்ரை கலியாணத்துக்குத் தோழியா வாறியோ?" என்று எழுதி, அதில் கச்சானைச் சுற்றிக் கொடுத்தோம். மாங்குளம் தாண்டிய பிறகுதான் அவள் அடித்தாளைப் பார்த்தாள். வான் முழுக்க ஒரே சத்தம். கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் உண்டு, அதனால் தாயிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பனங்கட்டிக் குட்டான் இன்னொன்று. கையடக்கமான பனையோலைக் குட்டானுக்குள் ஒரு துண்டு பனங்கட்டி, அதன் கீழே நிழலில் வாட்டிய ஓலை நறுக்கு. ஓலையில் மார்க்கர் பேனையால் பிள்ளையின் பெயரை முழுதாக எழுதி, கீழே கேள்வியை எழுதுங்கள். பச்சைக் குருத்தில் எழுதினால் காயும்போது சுருங்கி எழுத்துக் குலைந்துவிடும், இரண்டு மூன்று நாள் முதலே நறுக்கி வையுங்கள். ஓலையில் தன் பெயரைப் பார்த்த பிள்ளைகள் அதைப் பள்ளிக்கூடம் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டியதை நான் கண்டிருக்கிறேன்.

கலியாணத்தில் கணையாழி எடுப்பது இருக்கிறதல்லவா, அதையே கேட்பதற்கும் எடுக்கலாம். வாய் ஒடுங்கிய குடத்தில் மஞ்சள் தண்ணீர் விட்டு, ஒரு கவரிங் மோதிரத்தைப் போட்டு, "கையை விட்டுத் தேடு" என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். எடுத்து வந்ததும், "இதை மாதிரி நாங்களும் அண்டைக்கு எடுக்கப்போறம். யார் வெல்லுறது எண்டு பக்கத்தில நிண்டு பாக்க எனக்கு ஓராள் வேணும்" என்று சொல்லிக் கேட்கலாம். அம்மம்மா பக்கத்தில் இருந்தால் தன் கலியாணத்தில் யார் எடுத்தது என்ற கதையும் வந்துவிடும். நல்ல சாயங்காலமாகப் போகும்.

எழுத்து வாசிக்காத சின்னதுகளுக்குப் படம்தான் வழி. ஒரு தாளில் மணவறை, அதில் மாப்பிள்ளை பொம்பிளை கீறி, பக்கத்தில் ஓரிடத்தை வெறுமையாக விட்டு, "இதில நிக்கிறது ஆர்? நீயே கீறு" என்று கொடுத்துவிடுங்கள். தன்னைக் கீறினால் அதுதான் பதில். நாய்க்குட்டியைக் கீறினால் ஒரு கிழமை பொறுத்துத் திரும்பக் கேளுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது வெற்றிலைத் தட்டத்தைத்தான். பெரியவர்களுக்குச் சொல்லப் போகும் அதே நாளில், அதே தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ. வெற்றிலைக்குப் பக்கத்தில் ஒரு கண்டோஸ் சொக்கலேட். காட்டின் மேல் "திருமதி, திரு, குடும்பத்தினர்" என்றில்லாமல் பிள்ளையின் பெயர் மட்டும். தகப்பனை எழுப்பிவிட்டு அந்தக் கதிரையில் பிள்ளையை இருத்துங்கள். மாப்பிள்ளை பொம்பிளை இரண்டு பேரும் போக முடிந்தால் இரண்டு பேரும் போங்கள். தட்டத்தை இரண்டு கையாலும் நீட்டி, "எங்கட கலியாணத்துக்கு நீங்கள் தோழனா வரவேணும்" என்று, "நீங்கள்" போட்டுக் கேளுங்கள். எவ்வளவு குழப்படிப் பொடியனும் அந்த நேரம் நிமிர்ந்து இருப்பான்.

எல்லாருக்கும் முன்னால் கேட்கலாமா? வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குச் சொந்தம் எல்லாம் ஒன்றாக வருமே.

வைகாசியில் வட்டாப்பளைக்கும் ஓகஸ்டில் மடு மாதா கோயிலுக்கும் சொந்தம் கூடுவது உண்மைதான், எல்லாரையும் ஒரே இடத்தில் காண்பது லேசு. ஆனால் இருபது பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பிள்ளையால் "மாட்டன்" என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாத இடத்தில் கேட்பதைக் கேட்பது என்று நான் எடுக்கமாட்டேன். வீட்டுத் திண்ணையிலோ, சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் இரணைமடுக் குளக்கட்டிலோ வைத்துக் கேளுங்கள். சம்மதம் வாங்கிய பிறகு ஊருக்கே சொல்லலாம்.

வீடியோ எடுத்து முகநூலில் போடலாமா?

வீட்டுக்கு எடுத்து வையுங்கள். வெளியில் போடுவதென்றால் தாய் தகப்பனிடமும் பிள்ளையிடமும் கேட்ட பிறகுதான். அழுத முகம், வெட்கப்பட்ட முகம் எதையும் போட வேண்டாம்.

ஒரே வயதில் இரண்டு பேர் இருக்கிறார்கள். தோழனாக ஒருவர்தான் இருக்க முடியும். மற்றவரை என்ன செய்வது?

முதலில் முறையைப் பாருங்கள். பொம்பிளையின் சித்தப்பா, பெரியப்பா, சித்தி, பெரியம்மா பிள்ளைகள் தம்பி முறை, தோழனாகலாம். மாமா, மாமி பிள்ளைகள் மச்சான் முறை, அந்த இடம் அவர்களுக்கு வராது. இதைப் பெரிய பிள்ளைகளுக்கு விளக்கினால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

இரண்டு பேரும் தம்பி முறைதான் என்றால், ஒரே நாளில், ஒரே மாதிரித் தட்டத்தோடு, இரண்டு வீட்டுக்கும் போங்கள். ஒருவன் கால் கழுவி மோதிரம் வாங்கட்டும், மற்றவன் பொரி எடுத்துக் கொடுக்கட்டும். முன்னதுக்கு மோதிரம் கிடைக்கும் என்பதால் பின்னவனுக்கும் மாப்பிள்ளை கையால் ஏதாவது கிடைக்க வேண்டும், ஒரு மணிக்கூடு என்றாலும் போதும். "உனக்கு அடுத்த கலியாணத்தில தாறன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளைகள் அதை மறக்கமாட்டார்கள், நாங்கள்தான் மறந்துவிடுவோம்.

பிள்ளை கனடாவில், சுவிஸில் பிறந்தது. தமிழ் விளங்கும், ஆனால் கதைக்கத் தயங்கும். எப்படிக் கேட்பது?

நேரத்தில் இருந்து தொடங்குங்கள். கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு, பனிக்காலத்தில் பத்தரை. சுவிஸ், பிரான்ஸ் கோடையில் மூன்றரை, பனிக்காலத்தில் நாலரை. இங்கே சனிக்கிழமை இரவு ஏழு மணி என்றால் அங்கே ரொறன்ரோவில் காலைச் சாப்பாட்டு நேரம், பிள்ளை உற்சாகமாக இருக்கும். இங்கே காலையில் எடுத்தால் அது அங்கே நித்திரைக்குப் போகிற நேரம்.

போன் எடுத்தவுடனே கேள்விக்குப் போக வேண்டாம். முதலில் முற்றத்தைக் காட்டுங்கள், ஆட்டுக்குட்டியைக் காட்டுங்கள், மணவறை எங்கே வரும் என்று காட்டுங்கள். பிறகு, "இந்த இடத்தில நீ நிக்கவேணும், நிப்பியோ?" என்று கேளுங்கள். பதில் எந்த மொழியில் வந்தாலும் வாங்குங்கள். "தமிழ்ல சொல்லு" என்று பக்கத்தில் இருந்து யாராவது கத்தினால் பிள்ளை சுருங்கிவிடும். அதற்குப் பிறகு தோழன் என்ன செய்வான் என்பதை ஒரு குரல் பதிவாகச் சின்னச் சின்ன வசனத்தில் அனுப்புங்கள், இங்கே இருக்கும் அதே வயது மச்சான் ஒருவன் சொன்னால் இன்னும் நல்லது. இரண்டும் வட்ஸ்அப்பில் கூட்டாளியாகிவிட்டால், வந்து இறங்கும்போது அந்நியம் இருக்காது.

நாள் பார்க்கும்போதே இவர்களை நினைக்க வேண்டும். ஆடி முடிந்து ஆவணி பிறக்க ஓகஸ்ட் 17 அளவில் ஆகிவிடும். கனடாவின் ஒன்ராறியோவில் பள்ளிக்கூடம் பெரும்பாலும் செப்டெம்பர் முதல் திங்களுக்கு மறுநாள் தொடங்கும், பிரான்ஸில் செப்டெம்பர் தொடக்கத்தில். சுவிஸில் பல மாநிலங்களில் ஓகஸ்ட் நடுவிலேயே தொடங்கிவிடும். ஆக, கனடாப் பிள்ளைக்கு இரண்டு கிழமை சொச்சம் கிடைக்கும், சுவிஸ் பிள்ளைக்கு அதுவும் இல்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் கேட்டால்தான் ரிக்கற்றும் லீவும் சரிவரும். வர முடியாது என்று தெரிந்தால் தோழி என்று கேட்டு ஆசை காட்ட வேண்டாம். வாழ்த்து மடலை அந்தப் பிள்ளையின் கையெழுத்தில் எழுதி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், வரவேற்பில் இங்கிருக்கும் ஒரு பிள்ளை அதை வாசிக்கட்டும்.

பொம்பிளைக்கு ஒரு தம்பி இருந்தான். 2009இல் இல்லாமல் போனான். சித்தப்பாவின் பத்து வயது மகனைத் தோழனாகக் கேட்க நினைக்கிறோம். பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் ஒருவர் இருவர் இல்லை. வன்னியில் தோழன் இடம் வெறுமையாக இருக்கும் கலியாணங்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

பிள்ளையிடம் போவதற்கு முன் பொம்பிளையின் தாயிடம் போங்கள். அந்த இடத்தில் யார் நிற்பது என்பதை அவர் வாயால் சொல்ல வேண்டும். சில தாய்மார் உடனே ஒரு பெயரைச் சொல்வார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவார்கள். அப்படிப் போனால் இன்னொரு நாள் போங்கள். மகன் காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அந்தத் தாய் இன்றைக்கும் அவர் வருவார் என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முன்னால் "அவன்ரை இடத்துக்கு ஆள்" என்ற பேச்சே எழக் கூடாது.

பிள்ளையிடமும் அப்படித்தான். "நீ அண்ணாவுக்குப் பதிலா நிக்கவேணும்" என்று பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்வது, தூக்க முடியாத ஒன்றை அவன் தலையில் வைப்பது. எங்கள் முறைச் சொல்லே இதற்கு வழி விட்டிருக்கிறது. சித்தப்பாவின் மகன் யாருக்கும் பதில் ஆள் இல்லை, அவனும் தம்பிதான். ஆகவே, "நீ அக்காவின்ரை தம்பியெல்லோ, அக்காவுக்குத் தோழனா நிப்பியோ?" என்று கேட்டால் போதும். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

சில பிள்ளைகள் நேராகக் கேட்பார்கள்: "அக்காவுக்குச் சொந்தத் தம்பி இல்லையோ?" மறைக்க வேண்டாம். இருந்தவர், சண்டைக்குள் அவரை இழந்துவிட்டோம் என்றோ, எங்கே என்று தெரியாது, தேடிக்கொண்டிருக்கிறோம் என்றோ, அந்த வீட்டின் உண்மை எதுவோ அதைத் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு விளங்கும். இந்த மண்ணில் 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கும் வீட்டுச் சுவரில் ஒரு மாலை போட்ட படம் தெரிந்துதான் இருக்கும். ஆனால் அந்தப் படத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து மணவறையில் நிறுத்த வேண்டாம். படத்துக்குச் சாமியறையில் ஒரு விளக்கு ஏற்றி, பொம்பிளையும் மாப்பிள்ளையும் அங்கே போய்க் கும்பிட்டுவிட்டு வரட்டும். தோழன் மணவறையில் தோழனாகவே இருக்கட்டும்.

கால் கழுவும் நேரத்தில் வீட்டுப் பெண்கள் அழக்கூடும். அது பிள்ளையைப் பயப்படுத்தும். "பெரியம்மா அழுவா, அது உன்னால இல்லை, நீ வடிவாத்தான் செய்யிறாய்" என்று முதல்நாளே சொல்லி வையுங்கள். ஒரு கலியாணத்தில் இப்படிச் சொல்லி வைத்த பொடியன் கால் கழுவி முடித்துவிட்டு, மோதிரத்தைக்கூடப் பார்க்காமல் நேரே பெரியம்மாவிடம் போய் நின்றான். யாரும் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பூத்தட்டுக்குக் கேட்கும் பிள்ளையின் தாய் கணவரை இழந்தவர். அவர் தயங்குகிறார்.

அவர் ஏன் தயங்குகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். பிள்ளையை முன்னால் நடக்கவிட்டு, தன்னைப் பின்வாங்கில் இருக்கச் சொல்வார்களோ என்ற பயம். வன்னியில் தனியே பிள்ளை வளர்க்கும் தாய்மார் எத்தனை பேர்! அவர்களை ஓரத்தில் இருத்திக்கொண்டு நாங்கள் செய்யும் எந்த மங்கலமும் எனக்கு மங்கலமாகப் படவில்லை. இது என் எண்ணம், இதை நான் எந்தக் கலியாண வீட்டிலும் சொல்வேன்.

வீட்டுப் பெரியவர்கள் சடங்கில் சிலதை விடமாட்டார்கள் என்றாலும், விட்டுக்கொடுக்காமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. பிள்ளையைக் கேட்கும் அதே வாயால் தாயையும் கேளுங்கள்: "பிள்ளைக்கு உடுப்பாட்டி, தலை கட்டி, முன்வரிசையில நீங்கள் இருக்கவேணும். பிள்ளை உங்களைப் பாத்துக்கொண்டுதான் நடக்கும்." முன்வரிசையில் அவருக்கு ஒரு கதிரை ஒதுக்கி, அதை யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறுகரிசி போடவும் அவரைக் கூப்பிடுங்கள்.

உடுப்புச் செலவு யார் பொறுப்பு?

கேட்கிறவர் பொறுப்பு. கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். சட்டை, செருப்பு, தலைக்குப் பூ, வந்துபோக வான், எல்லாம் சேர்த்துத்தான். கூலி வேலைக்குப் போய்ப் பிள்ளை பார்க்கும் வீடு, மரியாதைக்காகச் சம்மதித்துவிட்டு அடைவுக்கு நகை வைக்கும் நிலை வரக் கூடாது. காசாகக் கொடுப்பதைவிடத் துணியாக எடுத்துக் கொடுப்பது பக்குவம்.

பதினைந்து வயதுப் பொடியன். எதைக் கேட்டாலும் "ம்" என்கிறான். அவனை எப்படி இழுப்பது?

குட்டான், கச்சான் எல்லாம் அவனிடம் எடுபடாது. நேரே கேளுங்கள், உண்மையான பொறுப்பாகக் கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டு வானை வழிகாட்டிக் கூட்டி வருவது, பாட்டுப் போடுவது, பந்தியில் ஒரு வரிசைக்குப் பொறுப்பு. "உன்னை நம்பித்தான் இருக்கிறன்" என்றால் பிறகு உண்மையிலேயே நம்ப வேண்டும், பின்னால் போய்த் திருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. சாதாரணதரப் பரீட்சை எப்போது என்று கேட்டுவிட்டு நாளைச் சொல்லுங்கள். பரீட்சைக்கு இரண்டு மாதத்துக்குள் வந்தால் அன்றைக்கு மட்டும் வந்தால் போதும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

வயதுக்கு வந்த பெண்பிள்ளையைத் தோழியாகக் கேட்டால், அன்றைக்கு மாதவிலக்கு வந்துவிட்டால்?

இரண்டு தோழிமாரைக் கேட்டு வைப்பதுதான் நல்லது. துடக்கு வந்தாலும், காய்ச்சல் வந்தாலும் இதே ஏற்பாடு கை கொடுக்கும். யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை, ஒருத்தி நிற்க மற்றவள் வரவேற்பில் நிற்பாள், அவ்வளவுதான். இதைத் தாயை வைத்துக்கொண்டு பிள்ளையிடம் முதலே மெதுவாகச் சொல்லிவிட்டால், அது மாதம் முழுக்க நாள் எண்ணிப் பயந்துகொண்டு இருக்காது. நாளைத் தள்ள மாத்திரை போடு என்று பிள்ளையை யாரும் நெருக்கக் கூடாது.

சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையைக் கேட்கலாமா?

கேளுங்கள். மண்டப வாசலில் சாய்தளம் இருக்கிறதா என்று நீங்கள் முதலில் போய்ப் பாருங்கள், இல்லையென்றால் பலகை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு பிள்ளையிடம், எது செய்ய விருப்பம் என்று கேளுங்கள். நீங்களாகவே வாசலில் கற்கண்டுத் தட்டம் என்று தீர்மானித்துவிடாதீர்கள். பொரி எடுத்துக் கொடுக்கவும் மணவறைக்குப் பக்கத்தில் இருக்கவும் அந்தப் பிள்ளைக்கு ஆசை இருக்கும்.

பிள்ளை வேண்டாம் என்றால்?

"சரி ராசா" என்று சொல்லுங்கள். முகத்தைச் சுளிக்க வேண்டாம், தாயைப் பார்க்க வேண்டாம், அங்கேயே கூடிய இனிப்பைக் காட்டி மாற்றவும் வேண்டாம். கொண்டுபோன கண்டோசைக் கொடுத்துவிட்டு வாருங்கள், அது சம்மதத்துக்கான விலை இல்லை. இரண்டு கிழமை கழித்து, சின்னதாக வேறொன்றைக் கேட்டுப் பாருங்கள்: முதல்நாள் தோரணம் கட்ட வருவாயா, பலகாரச் சூட்டுக்கு அச்சு முறுக்குப் பிழிய வருவாயா. பெரிய கூட்டத்துக்கு முன் நிற்க வெட்கப்படும் பிள்ளைகள் அதற்கு ஓடி வரும்.

சம்மதித்துவிட்டது. இனி அன்றைக்கு வரை என்ன செய்வது?

ஒரு தடவையாவது நடந்து பழக்குங்கள். முதல்நாள் மாலை மணவறை கட்டிக்கொண்டிருக்கும்போதே போதும். செம்புத் தண்ணீரால் கால் கழுவிப் பார்க்கட்டும், எங்கே இருப்பது, எப்போது எழும்புவது என்று காட்டுங்கள். ஓமப் புகை கண்ணுக்கு எரியும், அப்போது யாரைப் பார்த்துக் கை காட்டுவது என்று ஓர் ஆளைச் சொல்லி வையுங்கள். தலைப்பாகையை அன்றைக்குத்தான் முதன்முதலில் வைக்கக் கூடாது, வீட்டில் இரண்டு நாள் வைத்துப் பழகட்டும். வேட்டி ஒட்டிக்கொள்ளும் வேட்டியாக இருந்தாலும் உள்ளே ஒரு காற்சட்டை போடுங்கள்.

முகூர்த்தம் எத்தனை மணிக்கோ, அதற்கு ஒரு மணித்தியாலம் முன் பிள்ளைக்குச் சாப்பாடு. பெரியவர்கள் விரதம் இருக்கலாம், பிள்ளை இருக்கத் தேவையில்லை. இட்டலி இரண்டு, வாழைப்பழம் ஒன்று, தண்ணீர். வைகாசி வெயிலில் கூரைத்தகட்டுப் பந்தலுக்குள் என்றால் மணவறைக்குப் பின்னால் ஒரு போத்தல் தண்ணீரும் விசிறியும் இருக்கட்டும்.

அன்றைக்குக் காலையில் பிள்ளை மாட்டேன் என்று சொன்னாலும் சொல்லும். இரண்டாவதாகக் கேட்டு வைத்த பிள்ளையைக் கூப்பிடுங்கள், முதல் பிள்ளையைத் தாயின் மடியில் இருக்க விடுங்கள். கணையாழி எடுக்கும்போது பெரும்பாலும் அதுவாகவே எழும்பி வந்து எட்டிப் பார்க்கும். வந்தால் பக்கத்தில் இடம் விடுங்கள்.